தாய்மாமன் உறவும் மரபணுக் கணக்கும்



சித்தியவான் வட்டாரத்தில் ஒரே கடைத்தெருவில் மூன்று விதமான திருமண முறைகளைப் பார்க்கலாம். 1903-ஆம் ஆண்டு மெதடிஸ்ட் திருச்சபையின் ஏற்பாட்டில் சீனாவிலிருந்து வந்து கம்போங் கோ பக்கம் குடியேறினார்கள் பூச்சாவ் சீனர்கள். சீனர்களின் பழைய மரபில் ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் மணந்துகொள்ளக் கூடாது. எத்தனை தலைமுறை தள்ளிப் போயிருந்தாலும் பெயர் ஒன்றானால் அண்ணன் தங்கை முறைதான். மலாய்க்காரர்களுக்கு இஸ்லாமியச் சட்டப்படி சித்தப்பா மகளையும் மணக்கலாம். ஆனால் அக்காள் மகளை மணக்கவே முடியாது. நம்மவர்களுக்கோ இது தலைகீழ். சித்தப்பா மகள் தங்கை. அத்தை மகளும் மாமன் மகளும் முறைப்பெண்கள். அக்காள் மகள் மேல் தாய்மாமனுக்கு உரிமையே உண்டு. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொன்னதால் தோட்டத்து லயங்களில் கைகலப்பு வரை போன கதைகள் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

இந்த உரிமையை மலேசியச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 11-ஆம் பிரிவு மாமன், மருமகள் உள்ளிட்ட நெருங்கிய உறவுகளுக்குள் திருமணத்தைத் தடை செய்கிறது. ஆனால் அதே பிரிவிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது: இந்து வழக்கப்படி ஓர் இந்து தன் சகோதரியின் மகளையோ, தன் தாயின் சகோதரனையோ மணப்பதை இந்தப் பிரிவு தடுக்காது. நாட்டின் சட்டப் புத்தகத்தில் நம் தாய்மாமனுக்கென்றே ஒரு வரி இருக்கிறது என்றால் அது சிறிய விஷயமல்ல.

இன்று பிள்ளைகள் படித்துவிட்டார்கள். உறவில் சம்பந்தம் பேசினால் பெண்ணே கேட்கிறாள், "பொறக்கப் போற புள்ளைக்குக் கொற வந்தா யாரு பொறுப்பு?" பாட்டி உடனே பதில் சொல்வார், "எங்கம்மா மாமனத்தான் கட்டுனாங்க. ஒம்பது புள்ளைங்க. ஒண்ணுக்கும் ஒரு கொறையும் இல்ல." இந்த இருவரில் யார் சொல்வது சரி? உலகத்தில் பெரிய மூளைகள் 150 ஆண்டுகளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. அந்தக் கணக்கின் வரலாற்றில் நம் முன்னோர்கள் புறப்பட்டு வந்த ஊர்களுக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இன்று இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

தொடக்கம் இங்கிலாந்தில். பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வின் மணந்தது தன் மாமன் மகள் எம்மாவை. பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். உறவில் மணந்ததுதான் காரணமோ என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது. 1871-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் "கணவன் மனைவி இருவரும் உறவினரா?" என்ற கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று நாடாளுமன்றத்திலிருந்த நண்பர் லப்பக் மூலம் முயன்றார். நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. பிறகு அவருடைய மகன் ஜார்ஜ் டார்வின் வேறொரு வழி கண்டுபிடித்தார். பத்திரிகையில் வந்த திருமண அறிவிப்புகளை எடுத்து, மணமகன் மணமகள் இருவரும் ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்களாக எத்தனை பேர் என்று எண்ணினார். அதிலிருந்து கணக்குப் போட்டு, லண்டனில் நூற்றுக்கு ஒன்றரை, பிரபுக்கள் குடும்பங்களில் நூற்றுக்கு நாலரை என்ற அளவில் இத்தகைய திருமணங்கள் நடப்பதாக 1875-இல் எழுதினார். மனநல விடுதிகளுக்கும் கடிதம் எழுதி, அங்குள்ளவர்களில் எத்தனை பேர் உறவுத் திருமணத்தில் பிறந்தவர்கள் என்று கேட்டார். விகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் அதே முறையை ஜார்ஜ் டார்வின் தமிழர்களிடம் கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம்மிடம் குடும்பப் பெயரே கிடையாது. இருந்திருந்தாலும் அது தகப்பன் வழிப் பெயராகத்தான் இருந்திருக்கும். தகப்பன் வழிப் பங்காளிகளுக்குள் நாம் மணப்பதே இல்லை. தமிழர்களிடம் உறவுத் திருமணமே இல்லை என்று அவருடைய கணக்கு சொல்லியிருக்கும். ஒரு சமுதாயத்துக்குச் சரியாக இருக்கும் அளவுகோல் இன்னொரு சமுதாயத்துக்குப் பூஜ்யம் காட்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1902-இல் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட் ஒரு விசித்திரமான நோயைப் பற்றி எழுதினார். அந்தக் குழந்தைகளின் சிறுநீர் காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. ஆனால் அந்தக் குழந்தைகளின் பெற்றோரில் எதிர்பார்ப்பதைவிட மிக அதிகமானவர்கள் நெருங்கிய உறவினர்கள். இங்கேதான் காரணம் புரியத் தொடங்கியது.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடு நொண்டினாலும் இன்னொன்று இழுத்துக்கொண்டு போய்விடும். வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் நொண்டினால்தான் வண்டி நிற்கும். நம் ஒவ்வொருவரிடமும் சில நொண்டி மாடுகள் உண்டு. ஆரோக்கியமாக வாழ்ந்து மறைபவர்களிடமும் உண்டு. கணவனும் மனைவியும் ஒரே பாட்டனின் வாரிசுகளாக இருந்தால், பாட்டனிடமிருந்த அதே நொண்டி மாடு இரண்டு பக்கமும் வந்து ஒரே பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு கூடுகிறது.

எவ்வளவு கூடுகிறது என்பதற்கு 1922-இல் அமெரிக்கரான சிவால் ரைட் ஓர் அளவு வகுத்தார். மாமன் மகள், அத்தை மகள் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு அந்த அளவு பதினாறில் ஒன்று. தாய்மாமன் திருமணத்தில் எட்டில் ஒன்று, அதாவது இரண்டு மடங்கு. இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். ஏதோ ஓர் அரிய நோய்க்கான மரபணு ஊரில் நூறு பிரதிகளில் ஒன்றில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உறவே இல்லாத இருவர் மணந்தால் 10,000 பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு அந்த நோய் வரும். அத்தை மகளை மணந்தால் 10,000-இல் 7 பேருக்கு. அக்காள் மகளை மணந்தால் 10,000-இல் 13 பேருக்கு.

பெண் சொல்வதும் சரி, பாட்டி சொல்வதும் சரி என்று இந்த மூன்று எண்களும் சொல்கின்றன. ஒன்று பதிமூன்றாவது பெரிய உயர்வு. அதே சமயம் 10,000-இல் 9,987 பிள்ளைகளுக்கு அந்த நோய் இல்லை. பாட்டியின் வீட்டு ஒன்பது பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருப்பதில் வியப்பில்லை. ஒரே ஒரு குடும்பத்தைப் பார்த்து இந்தக் கேள்விக்கு யாருமே பதில் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான குடும்பங்களை எண்ண வேண்டும். இது ஒரு நோய்க்கான கணக்குதான். இத்தகைய அரிய நோய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான சுமை தெரியும்.

எண்ணுவதற்கு ஏற்ற இடம் தென்னிந்தியா என்பதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். உலகப் புகழ் பெற்ற ஆங்கிலேய மரபியல் அறிஞர். 1957-இல் இங்கிலாந்தை விட்டுவிட்டு, கல்கத்தாவில் மஹலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். ஜிப்பா அணிந்தார், சைவ உணவுக்கு மாறினார், இந்தியக் குடியுரிமையும் பெற்றார், 1964-இல் புவனேஸ்வரத்தில் மறைந்தார். அவருடைய மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திராவில் மாமன் மருமகள் திருமணங்களைப் பற்றி ஆய்வு செய்தார். அப்போது எழுந்த கேள்வி சுவையானது. பல நூற்றாண்டுகளாக உறவுக்குள்ளேயே மணந்து வரும் மக்களிடம், கொடிய குறைகள் கொண்ட மரபணுக்கள் அந்தந்தக் காலத்திலேயே பிள்ளைகளின் மரணத்தோடு கழிந்து போயிருக்குமே? அப்படியானால் வெள்ளைக்காரர்களுக்கு வருமளவு ஆபத்து தென்னிந்தியருக்கு இருக்காதே? 1966-இல் சங்வி என்ற இந்திய அறிஞர் இந்தக் கழிவை எண்களாகவே கணித்துப் பார்த்தார்.

கேள்வியைக் களத்தில் சோதித்தவர்கள் வேலூர்க்காரர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் புள்ளியியலாளர்கள் சுந்தர் ராவும் இன்பராஜும் வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்களிடம் விசாரித்து, 1977-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கிராமப்புறத் திருமணங்களில் ஏறத்தாழ பாதி உறவுக்குள் நடந்தவை. கருச்சிதைவிலும் குழந்தை மரணத்திலும் உறவில் மணந்தவர்களுக்கும் மணக்காதவர்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நீண்ட கால வழக்கத்தால் கொடிய மரபணுக்கள் கழிந்திருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

வட ஆர்க்காடு என்றதும் இங்கே பேராக்கில் எத்தனை வீடுகளில் காது நிமிரும் என்று எனக்குத் தெரியும். கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் அதுவும் ஒன்று. வேலூரில் கதவு தட்டிக் கேட்ட கேள்விகள் நம் பாட்டிமார்களின் தங்கைகளிடம் கேட்ட கேள்விகள் என்றே சொல்லலாம்.

ஆனால் வேலூர் முடிவைக் கொண்டு "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகாது" என்று மார்தட்டினால் அது அவசரம். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் பாகிஸ்தானிய வம்சாவளியினர் அதிகம். மாமன், சித்தப்பா மக்களுக்குள் மணப்பவர்களும் அதிகம். அங்கே 2007 முதல் 2011 வரை பிறந்த 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2013-இல் முடிவு வெளியிட்டார்கள். பிறவிக் குறை உறவில் மணக்காதவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 3 என்றால், மணந்தவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 6. வறுமையைக் கணக்கில் கொண்ட பிறகும் வித்தியாசம் மறையவில்லை.

வேலூரில் தெரியாதது பிராட்ஃபோர்டில் தெரிந்தது எப்படி? நம் தோட்ட வரலாற்றை வைத்தே இதை விளக்கலாம். 1957-இல் தீபகற்ப மலேசியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 75 பேர் முதல் பிறந்த நாளைப் பார்க்கவில்லை. மலேரியா, வயிற்றுப்போக்கு, தாய்க்கு ரத்தசோகை, கெட்ட தண்ணீர். அந்த 75 பேரில் 5 பேர் மரபணுக் குறையால் இறந்தார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். யாருக்குத் தெரிந்திருக்கும்? தோட்டத்து டிரேசர் "காய்ச்சல்" என்று எழுதியிருப்பார். ஆயக்கொட்டகையிலும் அதையே நம்பியிருப்பார்கள். இன்று அந்த 75 என்பது 10-க்கும் கீழே வந்துவிட்டது. மற்ற மரணங்களைச் சுத்தமான தண்ணீரும் தடுப்பூசியும் தடுத்துவிட்டன. மிச்சமிருப்பதில் அந்த 5 பளிச்சென்று தெரிகிறது. பாட்டி காலத்தில் ஆபத்து இல்லாமல் இல்லை. மற்ற ஆபத்துகளின் கூட்டத்தில் அது மறைந்து நின்றது. 1977-இல் வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலும் குழந்தை மரணம் அதிகம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

தோட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கங்காணி எப்படி ஆள் சேர்த்தார்? தன் ஊருக்குப் போவார், தன் உறவையும் தன் சாதி சனத்தையும் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏற்றுவார். இந்திய அரசாங்கம் 1938-இல் இந்த ஆள் சேர்ப்பைத் தடுக்கும்வரை இதுதான் நடைமுறை. எனவே ஒரு தோட்டத்தில் நூறு பேரிடம் ரத்தம் எடுத்தால் புள்ளியியல் கண்ணுக்கு அவர்கள் நூறு தனித்தனி மனிதர்கள் ஆகமாட்டார்கள். ஒரு கங்காணியின் பின்னால் வந்த பத்துப் பதினைந்து குடும்பங்களின் கிளைகளாக இருப்பார்கள். ஒரே சட்டியிலிருந்து நூறு கரண்டி எடுத்து ருசி பார்த்துவிட்டு ஊர்ச் சமையலையே ருசி பார்த்ததாகச் சொல்ல முடியாதல்லவா?

பெண்கள் எண்ணிக்கையையும் பாருங்கள். 1931 கணக்கெடுப்பின்போது மலாயா இந்தியர்களில் 1,000 ஆண்களுக்கு 500 பெண்கள்கூட இல்லை. முறைப்பெண் வேண்டுமென்றால் அக்காளோ அத்தையோ கூடவே கப்பல் ஏறியிருக்க வேண்டும். தனி ஆளாக வந்தவனுக்கு முறை ஏது, உரிமை ஏது? ஊருக்குத் திரும்பி மணந்தவர்களும் உண்டு. இங்கேயே கிடைத்த இடத்தில் மணந்தவர்களும் உண்டு. ஆக, தமிழ்நாட்டு எண்ணிக்கையை அப்படியே தூக்கி வந்து நம்மீது போர்த்த முடியாது. இந்தியாவின் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் உறவுத் திருமணங்கள் 28 விழுக்காடு. அது அவர்களுடைய கணக்கு.

இதுவரை சொன்னதெல்லாம் வாயால் கேட்டு எண்ணிய காலம். "உங்கள் கணவர் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சொட்டு ரத்தத்திலிருந்து லட்சக்கணக்கான இடங்களில் மரபணு எழுத்துகளைப் படிக்கிறார்கள். தாயிடமிருந்து வந்த பிரதியையும் தகப்பனிடமிருந்து வந்த பிரதியையும் கணினி பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. பெற்றோர் நெருங்கிய உறவினர் என்றால், இரண்டு பிரதிகளும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக ஓடும் நீண்ட பகுதிகள் கிடைக்கும். 2015-இல் முடிந்த உலக 1000 மரபணுத்தொகுதித் திட்டத்தில் 2,504 பேர் இடம்பெற்றார்கள். பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களும் அதில் அடக்கம். தெற்காசியர்களின் மாதிரிகளில் சிலவற்றில் இந்த நீண்ட பகுதிகள் இருந்தன. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை, எழுத்துகளே சொல்லிவிட்டன.

ஒன்றாக ஓடும் பகுதி நீளமா, குட்டையா என்பதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. முழு வேட்டி ஒன்றை ஒவ்வொரு தலைமுறையும் கத்தரியால் ஓரிடத்தில் வெட்டுவதாகக் கற்பனை செய்யுங்கள். நேற்று வெட்டத் தொடங்கியிருந்தால் துண்டுகள் பெரிதாக இருக்கும். ஆயிரம் ஆண்டாக வெட்டியிருந்தால் துணுக்குகளாக இருக்கும். துண்டுகளை அளந்து பார்த்தே எத்தனை தலைமுறை என்று சொல்லிவிடலாம். நீண்ட துண்டுகள் நேற்றைய தாய்மாமன் திருமணத்தைக் காட்டும். குட்டையான துண்டுகள் நிறைய இருந்தால், பழைய காலத்தில் ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகியவர்கள் என்று பொருள்.

ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் அமெரிக்காவின் ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் ரைக்கும் தங்கள் குழுவினரோடு 2009-இல் இந்தியாவின் 25 சமூகங்களை ஆராய்ந்தார்கள். 2013-இல் 73 சமூகங்கள். துண்டுகளை அளந்து பார்த்ததில், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்திய மக்கள் ஒருவரோடு ஒருவர் தாராளமாகக் கலந்தார்கள் என்று தெரிந்தது. அதன் பிறகு கதவு சாத்தப்பட்டது. அவரவர் சமூகத்துக்குள் மட்டும் மணக்கும் வழக்கம் இறுகியது. "எங்கள் ரத்தம் ஆதியிலிருந்தே கலப்பில்லாதது" என்று பேசும் சங்கத் தலைவர்கள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். எழுத்துகள் அவர்களுக்கு ஒத்துழைக்கவில்லை.

2017-இல் வந்த அடுத்த ஆய்வுதான் உறவுத் திருமணப் பேச்சையே திசை திருப்பியது. தெற்காசியாவில் 263 சமூகங்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 81 சமூகங்கள் மிகச் சிறிய முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகியவை. மரபணு நோய்களுக்குப் பெயர்போன ஃபின்லாந்து மக்களையும் ஐரோப்பிய யூதர்களையும்விட இந்த நெருக்கம் அதிகம். இந்த 81-இல் 14 சமூகங்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்டவை. ஓர் உதாரணம் வைசியர் சமூகம். அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு வகை மருந்தை உடைத்து வெளியேற்றும் சத்து இவர்களில் சிலருக்கு இல்லை. மருந்து கொடுத்தால் சாதாரணமாக வர வேண்டிய நேரத்தில் மூச்சு திரும்புவதில்லை. மற்றவர்களைவிட ஏறத்தாழ நூறு மடங்கு அதிகமாக இவர்களிடம் இந்தக் குறை காணப்படுகிறது. தெரிந்த மயக்க மருந்து நிபுணர் சாதியைக் கேட்பது ஏதோ பழைய வழக்கத்தால் அல்ல.

இதில் அடங்கியுள்ள கணக்கைக் கவனியுங்கள். முன்பு ஊரில் நூற்றில் ஒன்றாக இருந்த மரபணு, சிறு கூட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி ஐம்பதில் ஒன்றாகப் பெருகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சமூகத்துக்குள் உறவே இல்லாத இருவர் மணந்தாலும் 10,000 பிள்ளைகளில் 4 பேருக்கு நோய் வரும். "நாங்கள் உறவில் முடிக்கவில்லை, நம்ம ஆட்களில்தான் முடித்தோம்" என்று நிம்மதி கொள்ளும் குடும்பத்துக்கு இந்த 4 தெரியாது. தாய்மாமன் உறவு கண்ணுக்குத் தெரியும் உறவு. சாதி என்பது இரண்டாயிரம் ஆண்டாகக் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவரும் உறவுத் திருமணம். ஹால்டேன் காலத்துக் கேள்விக்கும் இங்கே பாதிப் பதில் கிடைக்கிறது. கொடிய மரபணுக்கள் சில கழிந்திருக்கலாம். வேறு சில அதே நெருக்கத்தால் பெருகியும் இருக்கின்றன. எது கழிந்தது, எது பெருகியது என்பது சமூகத்துக்குச் சமூகம் மாறும்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். தாய்மாமனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு, சாதிக்குள் வரன் தேடும் விளம்பரத்தை நல்ல பிள்ளையாக விட்டுவிடுவது கணக்குக்குப் பொருந்தாது.

நம் தமிழ் மண்ணிலிருந்து இன்னொரு ஆய்வு. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தண்டபாணியும் குழுவினரும் 2009-இல் இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போவதைப் பற்றி எழுதினார்கள். இந்தியா முழுவதும் 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்ததில் நூற்றுக்கு 4 பேரிடம் இந்தக் குறை. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் எடுத்த மாதிரிகளிலும் இது தென்பட்டது. இதய நோயாளிகளிடமும் மற்றவர்களிடமும் ஒப்பிட்டபோது வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 7 என்று வந்தது. ஏழு மடங்கு என்றதும் பயந்துவிடாதீர்கள். இந்தக் குறை உள்ள பெரும்பாலோர் அது தெரியாமலே வாழ்கிறார்கள். 2018-இல் அமெரிக்காவில் தெற்காசியர்களிடம் நடந்த ஆய்வு, இந்தக் குறையோடு பக்கத்திலேயே இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கும் சிலரிடம்தான் இதயத்தில் மாற்றம் தெளிவாகத் தெரிவதாகக் காட்டியது. ஒன்பது ஆண்டுகளில் எண்ணின் பொருளே மாறிவிட்டது. முதலில் வந்த செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்திருப்பார்கள்?

சரி, நம் நாட்டில் நம்மை யார் எண்ணுகிறார்கள்? 2009-இல் சிங்கப்பூர் தன் மக்களின் மரபணு வேறுபாடுகளை ஆராய்ந்தபோது சேர்த்துக்கொண்ட இந்தியர்கள் 83 பேர். 2019-இல் அங்கே 4,810 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது இந்தியர்கள் 1,127 பேர். மலேசியாவில் தேசியப் பல்கலைக்கழகம் 2006 முதல் 2012 வரை 35 முதல் 70 வயது வரையுள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தமும் உடல்நல விவரங்களும் திரட்டியது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். போற்ற வேண்டிய முயற்சி. உலக அளவில் பார்த்தால் அவசரமான முயற்சியும்கூட. ஏனென்றால் நோய்க்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பைத் தேடிய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 2019 நிலவரப்படி ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துப் பழகிய கணினி, நமக்கு நீரிழிவோ மாரடைப்போ வருமா என்று ஆரூடம் சொன்னால் தடுமாறுகிறது. ஜார்ஜ் டார்வினின் குடும்பப் பெயர் அளவுகோல் மாதிரிதான்.

ஆனால் "இந்தியர்" என்ற ஒரே கட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள்? பாகான் டத்தோ பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்கள், ஈப்போவின் சீக்கியர்கள், மலையாளிகள், சுங்கை வாங்கி, சொகொமானா, ஆயர் தாவார் தோட்டங்களிலிருந்து வந்த நாம், நமக்குள்ளே ஒவ்வொரு கங்காணியின் கூட்டம். 263 சமூகங்களை ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் அந்த 81 தெரிந்தது. மொத்தமாகக் கொட்டிக் கலக்கிச் சராசரி எடுத்தால் எதுவும் தெரியாது. அதற்காகப் படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் போடச் சொல்லவில்லை. அது வேறு வினையை இழுத்து வரும். எழுத்துகளின் ஒற்றுமையை வைத்துக் கணினியே கூட்டங்களைப் பிரித்துவிடும், பெயர் தேவையில்லை. தேவையானது போதுமான எண்ணிக்கை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கும் நகரங்களுக்கும் சிதறிய பிறகு, ஆய்வாளர்கள் தேடி வருவதும் நம்மவர்கள் முன்வருவதும் இரண்டுமே கடினமாகிவிட்டன.

அரசாங்கம் மனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு தலசீமியா ஓர் எடுத்துக்காட்டு. 2016 முதல் நாடு முழுவதும் படிவம் 4 மாணவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். காதலோ கல்யாணமோ வரும் முன்பே, தன்னிடம் நொண்டி மாடு இருக்கிறதா என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. பள்ளியிலிருந்து ஒப்புதல் கடிதம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

மற்ற நோய்களுக்கு இப்போதைக்குக் கையில் இருப்பது பழைய முறைதான். உறவில் சம்பந்தம் பேசுகிறவர்கள் ஜாதகத்தோடு ஒரு தாளில் மூன்று தலைமுறையையும் வரையுங்கள். யார் யாரை மணந்தார்கள், எந்தப் பிள்ளை எந்த வயதில் எதனால் இறந்தது, காது கேளாதவர் உண்டா, சிறு வயதில் மாரடைப்பு உண்டா என்று பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் பெற்றுப் போனால் அவர்களும் முதலில் கேட்பது இதைத்தான். வரையும்போது சில கட்டங்கள் காலியாக நிற்கும். பலர் வீட்டில் கொள்ளுத்தாத்தாவின் கட்டத்தில் "சயாம் ரயில் பாதை போடப் போனார், திரும்பவில்லை" என்பதற்கு மேல் ஒன்றும் எழுத இருக்காது. அந்தக் கட்டத்தை அழித்துவிடாமல் அப்படியே விட்டுக் கொண்டு போங்கள். எந்தப் பக்கத்து விவரம் தெரியவில்லை என்பதும் மருத்துவருக்கு ஒரு தகவல்தான்.